கட்டாத பை

கப்பலின் அடியைச் சுரண்டுவதுதான் அவன் வேலை. முதுகில் காற்று உருளை, இடுப்பில் கயிறு, கையில் இரும்புத் தகடு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் வயிற்றில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியையும் பாசியையும் நீருக்கடியில் தொங்கிக்கொண்டே சுரண்டித் தள்ளுவான். சுரண்டியதும் அதோடு ஒட்டிவந்த வெளியூர் உயிர்களும் கடலில் விழாதபடி கீழே ஒரு வலைப்பை கட்டவேண்டும், அது விதி. கட்ட அரை மணி, நிறைந்த பையை மேலே ஏற்ற இன்னொரு அரை மணி.

"கீழ எவன்பா வந்து பாக்கப் போறான்?" என்பார் மேஸ்திரி. பை மடித்த மடிப்புக் கலையாமல் தளத்திலேயே கிடக்கும். வேலை முடிந்ததும் தாளில் 'பை கட்டப்பட்டது' என்ற கட்டத்தில் அவன் டிக் போடுவான்.

ஒன்றரை வருடத்துக்கு முன் தூரதேசத்துக் கப்பல் ஒன்று வந்தது. கப்பல் கடல்நீரை உள்ளே இழுக்கும், கம்பி வலை போட்ட குழியை அவன் சுரண்டியபோது, காலிச் சிப்பிகளுக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. விரல் நீள மீன்கள். சேற்று நிறம், தடித்த உதடு, உச்சந்தலையில் பிதுங்கிய கண்கள். தகடு பட்டதும் கூழாங்கல் போலக் கீழே விழுந்தன. ஓடவில்லை. கடல் தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்தன. புதுசாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்து அன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டான்.

இப்போது சிரிப்பு வருவதில்லை. விளக்கைக் கீழே திருப்பினால் போதும், கல்லுக்கு ஒரு ஜோடிக் கண். ஆரம்பத்தில் எண்ணிப் பார்த்தான். பிறகு கீழே பார்ப்பதையே விட்டுவிட்டான். ஆனாலும் அவை தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு போகவில்லை.

அவன் மனைவி துறைமுகத்தை ஒட்டிய சேற்றுவெளியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். நாற்பது பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆளுக்கொரு கம்பி வளையம் வைத்திருப்பார்கள். வளையத்துக்குள் நுழைந்துவிடும் மட்டி என்றால் அது குட்டி. அதை மறுபடியும் சேற்றிலேயே விட்டுவிட வேண்டும், அடுத்த வருடச் சோறு அது.

இந்த வருடம் சேற்றைத் தோண்டினால் குட்டியே இல்லை.

அன்று சாயங்காலம் ஊக்கால் நகக்கண் சேற்றை எடுத்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். யாரோ திருட்டுத்தனமாகக் குட்டிகளை அள்ளுகிறார்களாம். கூடவே மட்டி பொறுக்கும் நெட்டை அக்கா மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். முதல் ஆளாக வருகிறாள், கடைசி ஆளாகப் போகிறாள், சாக்கு வாயை எப்போதும் கட்டியே வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் சாக்கை அறுத்துப் பார்த்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிடப் போகிறார்களாம்.

"ஆள்தான் நீளம்னு நெனச்சோம், கையும் நீளமா இருக்கேன்னு பேசிக்கிறாங்க" என்றவள், சற்று நிறுத்தி, "நம்ம பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப தோள்ல போட்டுக்கிட்டு ஓடினது அந்த அக்காதான். எனக்கே என்னவோ மாதிரி இருக்குங்க" என்றாள்.

கல்லுக்கு ஒரு ஜோடியாக முளைத்த அந்தக் கண்கள் அவன் நினைவுக்கு வந்தன. சொன்னால் வேலை போகும். அந்த நாற்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது? இவள் முகத்தில்தான் எப்படி? எழுந்து போய், தாகமில்லாமலே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கியவன் கப்பலைத் தொடவில்லை. நேராகக் கடல் தரைக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டினான். அதன் அடிப்பக்கம் முழுக்க அரிசி கொட்டியது போல முட்டை. காவலுக்கு ஒரு மீன். ஓடாமல் பாய்ந்து வந்து கையுறையைக் கடித்தது. கட்டைவிரல் அளவு உயிருக்கு அத்தனை ஆங்காரம். சுற்றிலும் எத்தனை கற்கள் என்று விளக்கைச் சுழற்றினான். வெளிச்சம் எட்டிய தூரம் வரை கற்கள்தான்.

மீனைக் கையுறையோடு சுருட்டிக்கொண்டு கயிற்றை மூன்று முறை இழுத்தான். மேலே தூக்கிவிட்ட மேஸ்திரி என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஈர உடையோடு சேற்றுவெளிக்கு ஓடினான்.

அங்கே சாக்கை அறுத்துவிட்டிருந்தார்கள். மட்டி சேற்றில் சிதறிக் கிடந்தது. அவன் மனைவி குனிந்து ஒவ்வொன்றாக வளையத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. அப்படியும் கூட்டம் விடவில்லை, குட்டிகளை நேற்றே கடத்தியிருப்பாள் என்றது. நெட்டை அக்கா அறுந்த சாக்கைப் பிடித்தபடி நின்றாள்.

அவன் கூட்டத்துக்கு நடுவில் மண்டியிட்டு மீனின் வயிற்றை இடுப்புக் கத்தியால் கீறினான். உள்ளங்கையில் பிதுக்கினான். கடுகு கடுகாக மட்டிக் குட்டிகள், நொறுங்கியதும் நொறுங்காததுமாக. மனைவி கையிலிருந்த வளையத்தை வாங்கி அதற்குள் கொட்டினான். அத்தனையும் நுழைந்து விழுந்தன.

"திங்கிறது இதுதான். இதை இங்க எறக்கிவிட்டது நான்" என்றான். பையைக் கட்டாதது, டிக் போட்டது, கண்ணால் பார்த்தும் ஒன்றரை வருடம் வாய் திறக்காதது, எல்லாவற்றையும் சொன்னான்.

மனைவிதான் முதலில் கேட்டாள்.

"எல்லாத்தையும் திரும்பப் பிடிச்சிட முடியுமாங்க?"

"முடியாது."

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் பாதத்தருகே தேங்கிய குட்டையில் இரண்டு கண்கள் பிதுங்கித் தெரிந்தன. அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

துறைமுக அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று அவன் எழுந்தான். இனி வரும் கப்பல்களுக்காவது பை கட்டுவார்கள். நானும் வருகிறேன் என்று மனைவி வளையத்தை இடுப்பில் செருகினாள்.

நெட்டை அக்கா குனிந்து தன் மட்டிகளைப் பொறுக்கி, அறுந்த சாக்கில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"யாரும் பாக்கலன்னு நீ பையக் கட்டாம விட்ட. நான் யாருமே இல்லாத நேரத்துலயும் வளையத்துல போட்டுப் பாத்துத்தான் எடுத்தேன். ஆள் பாக்குறாங்களோ இல்லையோ, கடல் நம்மள நம்பிக்கிட்டுத்தான்பா கெடக்கு. ஒருத்தன் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிச்சா, நாப்பது வீட்டுச் சோத்துல கைய வச்சிருது."