கரிசலில் நின்ற பட்டாளம்

தவசிமுத்துவுக்கு வலது காலில் விரல்கள் இல்லை. இடது காலில் கட்டைவிரல் மட்டும் தப்பியிருந்தது. மற்றதையெல்லாம் ஒரு குளிர்தேசத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சைடு பார்த்தவன் அவன். ஷிப்ட் முழுக்க மெஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. இனி அது முடியாது. இப்போது ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் உட்கார்ந்து ரோல் சுருட்டுகிறான். கம்பெனி விட்டால் வாடகை ரூம். ரூமில் ஒரு பாய், ஒரு ஃபேன், அவன்.

திரும்பி வந்த புதிதில் ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். துப்பாக்கி பிடித்தாயா, டாங்கி பார்த்தாயா, டிரோன் எப்படிச் சத்தம் போடும் என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். செட்டியார்பட்டியில் இருக்கிற அக்கா வெள்ளைத்தாய் மட்டும் எப்போதாவது குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டுப் போவாள்.

அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் மைக்கேல் வந்தான். தவசிமுத்துவோடு அந்தக் குளிர்தேசத்துக்குப் போய், வராமல் போன செல்வினுடைய அண்ணன். திருவில்லிபுத்தூரில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். பாயில் உட்காராமல் வாசல் நிலையிலேயே சாய்ந்து நின்றான்.

"தவசி, சனிக்கிழம சாயங்காலம் வீட்ல தம்பிக்கு நினைவு ஆராதனை வச்சிருக்கோம். நீ வரணும்."

"நினைவு ஆராதனையா அண்ணாச்சி?"

"பொறவு? எம்புட்டு நாளைக்கு இப்படியே வச்சிருக்கச் சொல்லுத? அப்பாவுக்குத் தண்ணி கூட எறங்கல. மகனுக்கு ஒரு ஜெபத்தப் பண்ணிப் பாத்துட்டா நிம்மதியாப் போயிருவேங்காரு. ஆனா போதகரு ஒண்ணு கேக்காரு. செத்துட்டான்னு உறுதியா யாரு சொன்னாங்காரு. கவருமெண்டுல காணோம்னு மட்டும்தான் சொல்லுதான். கடைசியாப் பாத்தவன் நீதான்."

"நான் என்ன சொல்லணும்?"

"போயிட்டான்னு ஒரு வார்த்த."

"அதை நான் பாக்கலையே."

"எல்லாத்தையும் கண்ணால பாத்துதான் சொல்லுதோமா? ஒனக்கே தெரியும்ல," என்றான் மைக்கேல். குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தான்.

மறுநாள் செல்வினின் மனைவி அக்சா போன் பண்ணினாள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை. பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, பெரியத்தான் வந்தாகளா?"

"வந்தாகம்மா."

"நீங்க என்ன சொல்லப் போறீகன்னு இப்பவே சொல்ல வேண்டாம். ஆனா அவுகளுக்காகவும் பொய் சொல்லாதீக. எனக்காகவும் பொய் சொல்லாதீக."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தவசிமுத்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான். ஒரு மனிதன் செத்தவனா இருப்பவனா என்பது தன் வாயில் வந்து தொங்குகிறதே என்று இருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை திருவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினான். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் அவன் செருப்பைப் பார்த்துவிட்டு, "சுகரா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தான்.

வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சபை ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் அறைக் கட்டிலில் செல்வினின் அப்பா ஞானரத்தினம் தலையணையில் சாய்ந்திருந்தார். மேஜையில் செல்வின் படம் இருந்தது. மாலை வாங்கி வைத்திருந்தார்கள், ஆனால் போடவில்லை. பையிலேயே இருந்தது. அடுக்களை வாசலில் அக்சா நின்றாள்.

"வந்துட்டியா தம்பி," என்றார் ஞானரத்தினம். "சொல்லு. முதல்ல இருந்தே சொல்லு. எனக்கு அவசரமில்ல."

தவசிமுத்து சொன்னான்.

அந்த நாடு பக்கத்து நாட்டுக்குள் படையெடுத்துப் போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், தினமும் டிவியில் வந்ததுதான். பட்டாளத்துக்குச் சமையல் வேலை என்று ஏஜெண்ட் சொல்லி தவசிமுத்துவை அனுப்பினான். டிரைவர் வேலை என்று செல்வினை அனுப்பினான். இறங்கிய அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பச்சை உடுப்பு, ஒரே மாதிரி பூட்ஸ். திரும்பிப் போக வழி கேட்டவர்களுக்குச் சிரிப்புதான் பதிலாகக் கிடைத்தது.

தொடக்கத்தில் அந்தப் பட்டாளத்துக்கு ரொம்பத் தெம்பு. லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். அடுத்த ஊரை ஞாயிற்றுக்கிழமைக்குள் பிடித்துவிடுவோம் என்பார் மேஜர். ஞாயிற்றுக்கிழமை வரும், போகும். அடுத்த ஊர் அங்கேயே இருக்கும்.

தவசிமுத்துவுக்குச் சக்கரம் வைத்த பெரிய அடுப்பு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கம்பு மாதிரி ஏதோ ஒரு தானியத்தில் கஞ்சி காய்ச்சுவான். முதலில் கஞ்சி பத்தாது. தட்டைத் தூக்கி எறிவார்கள், ஏசுவார்கள். பிறகு கஞ்சி சரியாக இருந்தது. அதன் பிறகு மிஞ்சத் தொடங்கியது. அளவைக் குறைத்தான், அப்போதும் மிஞ்சியது. சாப்பிட வருகிற முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. தோற்கிறோம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. கரண்டியை விட்டுக் கிண்டும்போது அவனுக்கே தெரிந்தது. மிஞ்சிய கஞ்சியைப் பனியில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான். பேச ஆள் கிடையாது. செல்வின் லோடு கொண்டுவருகிற அன்றைக்குத்தான் அவன் வாயில் தமிழ் வரும்.

"ஏலே, இன்னைக்கும் இதே கஞ்சியா?" என்பான் செல்வின்.

"பின்ன, ஒனக்குப் புரோட்டா சால்னாவா வைப்பாக?"

"வைக்கட்டுமே. ஊரப் பிடிக்கத்தான் தெரியல, புரோட்டாவாவது போடலாம்ல."

அப்புறம் டீசல் வருவது நின்றது. யாரோ விற்றுவிட்டார்கள் என்றும், வழியிலேயே லாரிகள் எரிந்துபோயின என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் மேஜரின் ஜீப்பைக் காணோம். மேஜரையும் காணோம்.

அந்தச் சமயத்தில்தான் பனி உருகியது. வெள்ளைக்கு அடியில் இருந்து மண் வெளியே வந்ததும் தவசிமுத்து அப்படியே நின்றுவிட்டான். கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிற மண். அவன் பிறந்தது திருவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, பருத்தி விளைகிற கரிசல்காட்டில்.

"செல்வின், இது நம்ம கரிசலேதாம்லே. மோந்து பாரு."

"நீ மோந்து பாரு. எனக்கு வண்டி நகரணும்."

வண்டி நகரவில்லை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது எல்லா வண்டியும் ஒரே காட்டுப்பாதையில் வந்து சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. டாங்கிகூட வயிறு தட்டி நின்றது. ஆட்கள் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொரு பூட்ஸிலும் நெல் அளக்கிற மரக்கால் பெரிதுக்கு மண் அப்பிக்கொண்டு, பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பின்னால் எதிராளி வந்துகொண்டிருந்தான்.

மழை பெய்த கரிசலில் நம் சனம் என்ன செய்யும்? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும். தவசிமுத்துவும் அதைத்தான் செய்தான். பூட்ஸைக் கழற்றி, இரண்டு நாடாவையும் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டான். வெறுங்கால் வழுக்கிக்கொண்டு லேசாகப் போயிற்று. பட்டாளத்துக்காரர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு நடந்தான். சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் பருத்திக் காட்டுக்குப் போகிற மாதிரியே இருந்தது. அந்த நாட்டுக்குப் போனதில் அன்று ஒருநாள்தான் மனசு லேசாக இருந்தது என்றான்.

மண் ஒன்றுதான் நம் மண், கண்ணுகளா. குளிர் நம் குளிர் இல்லை. பொழுது சாயச் சாய அந்தச் சேறு இறுகிப் பனிக்கட்டி ஆனது. காலில் உணர்ச்சி இல்லாதது தெரிந்து பூட்ஸை மாட்டப் பார்த்தால், வீங்கிய கால் உள்ளே போகவில்லை. ஊர்ந்து போனவனை ஒரு கிராமத்தில் யாரோ தூக்கி ஆஸ்பத்திரி வண்டியில் போட்டார்கள்.

"சரி, செல்வின்?" என்றான் மைக்கேல்.

"செல்வின் பூட்ஸக் கழத்தல. நான் சொன்னேன், கழத்துலே, நடக்க லேசா இருக்குன்னு. 'நான் டவுன்காரன், எனக்கு அந்தக் காலு கெடையாது'ன்னு சிரிச்சான். லாரிப் படியில உக்காந்து நாடாவ இறுக்கிக் கட்டிக்கிட்டு இருந்தான். வாலேன்னு கூப்பிட்டேன். 'நீ முன்னால போ, வாரேன்'னான்."

"பொறவு?"

"நான் போனேன். திரும்பிப் பாக்கல. ரொம்பத் தூரம் போன பொறவு பின்னால பெரிய சத்தம் கேட்டுச்சு. அந்த லாரி மேலயா, வேற எங்கயான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பாதையில நூத்துக்கணக்குல லாரி கெடந்துச்சு."

வெளியே ஒருவர் இருமினார்.

"அப்ப நீ போயிட்டான்னும் சொல்ல மாட்ட, இருக்கான்னும் சொல்ல மாட்ட," என்றான் மைக்கேல்.

"தெரியாது அண்ணாச்சி. தெரியாததச் சொல்ல மாட்டேன்."

ஞானரத்தினம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அக்சா ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வாரேன்னா சொன்னான்?"

"ஆமாய்யா."

"மைக்கேலு, அந்தப் படத்த எடுத்து உள்ள வையி. வாரேன்னு சொல்லிட்டு நிக்கவனுக்கு எப்படிடா இந்த ஜெபத்தப் பண்ணுதது?"

"அப்பா, வாரேன்னு எல்லாருந்தான் சொல்லுவாக."

"சொல்லட்டும். எனக்கு வேணும்னா சீக்கிரம் ஒண்ணு பண்ணுவீக. நாற்காலிக்காரன அப்பக் கூப்பிட்டுக்க."

ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். போதகர் பைபிளைத் திறக்கவில்லை. கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, வழியில் இருக்கிறவர்களைக் காப்பாற்றும்படி சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தார். மைக்கேல் படத்தை எடுத்துக்கொண்டு போனான். மாலைப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியில் மாட்டினான்.

அடுக்களையில் அக்சா தவசிமுத்துவுக்குக் காபி ஊற்றினாள். அவன் நிற்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள்.

"போயிட்டான்னு சொல்லிருவீகளோன்னு ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டே கெடந்தேன்," என்றாள். "இப்ப, சொல்லியிருந்தா அழுது முடிச்சிருக்கலாமேன்னு இருக்கு. ரெண்டும் நாந்தான்."

அவன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே. காபியக் குடிங்க."

வெளியே சபை ஆட்கள் எழுந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கடம். சாவு விழுந்த துட்டி வீடு என்றால் சொல்லாமல் கிளம்ப வேண்டும். நல்ல வீடு என்றால் போயிட்டு வாரோம் என்று சொல்ல வேண்டும். இந்த வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் சொல்லாமலே போய்விடுவது என்று முதல் ஆள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். தினமும் பார்த்துச் சிரிக்கிற அடுத்த வீட்டு யோகேஸ்வரிகூட அக்சாவின் கையைத் தொட்டுவிட்டு வாய் திறக்காமல் போனாள். அக்சா வாசலில் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மடங்கியது.

கடைசியில் தவசிமுத்து வந்தான். படி அவனுக்குச் சிரமம். சுவரைப் பிடித்து, குதிகாலை வைத்து, ஒவ்வொன்றாக இறங்கினான். தெருவில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வாரேன் அக்சா," என்றான். தெரு முனையில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

அக்சா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"வாங்கண்ணே," என்றாள்.

பிறகு வாசலுக்கு இறங்கி, ஆள் இல்லாத நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.