சாவி அறை

சாவி அறைக்கு ஜன்னல் இல்லை. கைபேசியை வெளியே வைத்துவிட்டு இருவராகத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போகவும் வெளியே வரவும் இருவரின் அட்டையையும் வைத்தால்தான் கதவு திறக்கும். ஓசூர் சிப்காட்டில் மின்னணுப் பூட்டு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் விதி அது.

சுஹைனா கணினியில் கட்டளையைத் தட்டினாள். ஐந்தாவது அடுக்குமாடிக் குடியிருப்புக்கான சாவி ஜோடி உருவானது. பொதுச்சாவி பூட்டுகளுக்குள் போகும். தனிச்சாவி குடியிருப்பின் நிர்வாகியிடம் போகும். அது அங்குள்ள எல்லாக் கதவையும் திறக்கும்.

பொதுச்சாவியின் கடைசி நான்கு எழுத்துகளைப் பதிவேட்டில் எழுதினாள். 7CE1. மேல் வரியைப் பார்த்தாள். 7CE1. அதற்கு மேலும் அதே.

"சார்."

சாட்சியாக உட்கார்ந்திருந்த சௌந்தரராஜன் கொட்டாவி விட்டார். "முடிஞ்சுதாம்மா? கேன்டீன்ல பிரியாணி. உங்க ஊரு பாகலூர்க்காரங்க முன்னாடியே போயி காலி பண்ணிருவாங்க."

சாவியை உருவாக்கப் பயன்படும், ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய தொடக்க எண்ணை, சோதனைக்காக அவள் நிரலில் நிலையாக வைத்திருந்தாள். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே சாவி வந்தால் சரிபார்ப்பது எளிது. அந்த வரியை நீக்க மறந்துவிட்டாள்.

"சோதனைக்குப் போட்ட வரிய நிரல்ல இருந்து எடுக்க மறந்துட்டேன். நாலு குடியிருப்புக்கும் ஒரே சாவி போயிருக்கு சார். ஒரு இடத்து ஆளு மத்த மூணுலயும் எந்த வீட்டையும் திறக்கலாம்."

அவர் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். நான்கு வரியிலும் அவர் கையெழுத்து.

"பார்த்துத்தானே சார் போட்டீங்க?"

"நீ எழுதினா சரியா இருக்கும்னு போட்டேன்."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த வரிய எடு. இப்ப புதுசா ஒண்ணு போடு. பழசு அப்படியே கிடக்கட்டும்."

"பாதி வீட்டுக்குக் குடி வந்தாச்சு சார்."

"அடுத்த வாரம் உனக்கு வேலை நிரந்தரம். எனக்கு ரெண்டு மாசம் சர்வீஸ் இருக்குது. இத சொன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

தன் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "எழுதி முடி. அப்பறம் வெளிய போலாம்."

அவள் வரியை நீக்கி மறுபடி ஓட்டினாள். B904. இன்னொரு முறை. 3A5F. இப்போது சரியாக வந்தது. பதிவேட்டின் கடைசி வரியில் 7CE1-ஐ அடித்து எழுத இடமும் இருந்தது.

கதவருகே கண்ணாடிக்குள் அவசரத்துக்கான சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கதவு திறக்கும். காவலர்கள் வருவார்கள். காரணத்தை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அவள் பதிவேட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதத் தொடாதம்மா. ஏன்னு கேப்பாங்க."

"அதுக்குத்தான் சார்."

முதல் அடிக்குக் கண்ணாடி உடையவில்லை. பதிவேட்டின் தடித்த ஓரத்தால் மறுபடி அடித்தாள்.