ஒரு சாண் தள்ளி நின்ற கல்

பூபாலன் வீசிய கல் ரூபஸின் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் வந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அன்று ஆடிக் கிருத்திகை. காவடியோடு வந்த பம்பை மேளத்தைச் சர்ச் வாசலில் அடிக்கலாமா கூடாதா என்று திருத்தணி மலையடிவாரத்தில் காவடித் தெரு, சர்ச் தெரு இரண்டின் பையன்களும் மல்லுக்கு நின்றார்கள். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது, ஒருத்தனுக்கும் நிலையான வேலை கிடையாது. கல் நின்றதும் சண்டையும் நின்றது. ரூபஸ் நகர்ந்தால் கல்லும் கூடவே நகர்ந்தது. கொல்லர் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார், சம்மட்டியின் காம்புதான் முறிந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், இன்னும் படாத கல்லுக்கு எப்படிக் கேஸ் எழுதுவது என்று அலுத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ரூபஸின் அம்மா லில்லிக்குத்தான் தூக்கம் போயிற்று. காலையும் மாலையும் மகனின் நெற்றிக்கு முன்னால் விரல்களை வைத்து அளந்தாள். பூபாலனை ஓட்டல் வேலையிலிருந்து நிறுத்திய அன்று கல் ஒரு விரல் நெருங்கியது. அவன் அப்பா நடுத்தெருவில் தண்டச்சோறு என்று திட்டிய அன்று இன்னொரு விரல். கல்லின் பிடி பூபாலனின் மனசில் இருக்கிறது என்று ஊருக்கு விளங்கிவிட்டது. அப்புறம் அவனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. டீக்கடையில் அவனுக்குத்தான் முதல் டீ, கேரம் ஆட்டத்தில் அவனுக்கே ஜெயம். பெற்ற தாய் கெங்கம்மாளே குரலைத் தாழ்த்திப் பேசினாள். இத்தனை மரியாதைக்கும் கல் இம்மியளவும் பின்வாங்கவில்லை.

மறு ஆடி வந்தது. லில்லி விடிவதற்குள் கோழி பிரியாணி செய்து, தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு, மகனோடு பூபாலன் வீட்டுக்குப் போனாள். காவடிக்கு மாலை போட்டிருப்பவன் வீட்டுப் பக்கம் கவுச்சி வாசனையே ஆகாது என்பது பயத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. மூடியைத் திறந்ததும் கெங்கம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கேலி செய்யத்தான் வந்திருக்கிறார்கள் என்று பூபாலனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கல் விருட்டென்று பாய்ந்து ரூபஸின் புருவத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, தெரியாம செஞ்சிட்டேன் கண்ணு. என்ன எது வேணா சொல்லு, அவன வுட்டுடு" என்று லில்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூபாலன் கல்லுக்கும் புருவத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. "நான் வேணும்னு பண்லங்க ஆன்ட்டி. ஊரே என் மூஞ்சியப் பாத்து பயந்துகினு கீது. ஒருத்தராவது எனக்கு ஒரு வேல கத்துக் குடுத்தீங்களா?"

மூச்சை அடக்கி நின்ற ரூபஸ்தான் பதில் சொன்னான். "ரயில்வே பரீட்சைக்குக் கணக்கு போட்டுகினு இருக்கேன். நீயும் வாடா."

"ஆங், வரேன்" என்றான் பூபாலன். கல் ஒரு நூல் விலகியது.

அவர்கள் படிக்கச் சர்ச் தெருக்காரர்கள் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். காவடித் தெருக்காரர்கள் விளக்கும் பெஞ்சும் போட்டார்கள். காலையில் கணக்கு, சாயங்காலம் மைதானத்தில் ஓட்டம். அன்று சண்டை போட்ட மற்ற பையன்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பூபாலனுக்குப் பின்னக் கணக்கு பிடிபட்ட வாரம் கல் பழைய ஒரு சாணுக்குப் போனது. பரீட்சை எழுதும்போது ஒரு முழம்.

முடிவு வந்தது. ரூபஸ் தேறிவிட்டான், பூபாலன் தேறவில்லை. இரண்டு தெருவிலும் கதவுகள் சாத்தப்பட்டன. லில்லி சோற்றுக் குண்டானின் மூடியை எடுத்து மகன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். பூபாலன் வந்தான். கண்கள் கலங்கியிருந்தன. "அத்த கீழ வைங்க ஆன்ட்டி. அடுத்த தபா நான் பாஸாயிடுவேன்." லில்லிக்குக் கை இறங்கவே இல்லை. ரூபஸ்தான் மூடியை வாங்கிக் கீழே வைத்தான். கல் அசையவில்லை.

இப்போது ரூபஸ் அரக்கோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறான். எதிர் சீட்டுக்காரர்கள் கல்லுக்கு இடம் விட்டுச் சற்றுத் தள்ளி உட்காருகிறார்கள். பூபாலன் அந்த அறையில் படித்துக்கொண்டே, புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டம் பழக்குகிறான். லில்லி காலையில் மகனுக்குத் தட்டு வைக்குமுன் வாசலுக்கு வந்து, அறைக்குப் போகிறவனிடம், "பூபாலா, சாப்ட்டியா?" என்று கேட்கிறாள். ஆரம்பத்தில் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். இப்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள்; சாப்பிடவில்லை என்றால் முதல் இட்லி அவனுக்கு.