சந்தனம் வைத்த டிஸ்கெட்டுகள்

மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊரின் கிளினிக் பின்னறையில், மருந்துக் குளிர்ப்பெட்டிக்கும் பழைய நோயாளி அட்டைகள் அடுக்கிய பெட்டிகளுக்கும் நடுவே ஒரு கணினி இருந்தது. அதன் முன்னால் தேவிஸ்ரீ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க அவள் எப்போதும் ஒரே பெயரைத்தான் தட்டுவாள். சுப்பம்மா. இன்றும் தட்டினாள். வயது சரியாக இருந்தது. முகவரி சரியாக இருந்தது. 'ஒவ்வாத மருந்து' என்ற கட்டத்தில் மட்டும் மலாயில் 'தியாடா' என்று இருந்தது. ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அங்கே பென்சிலின் என்று இருந்திருக்க வேண்டும். நேற்று வரை இருந்தது.

அடுத்த பெயரைத் தட்டினாள். தியாடா. அதற்கடுத்தது. தியாடா. கீழே போகும் விசையை அழுத்திப் பிடித்தாள். ஊரே ஓடியது. ஒருவருக்கும் ஒரு மருந்தும் ஒவ்வாமல் இல்லை.

அந்தக் கட்டம் பிறந்ததே சுப்பம்மாவால்தான். சுங்கை ரம்பாய்த் தோட்டத்தில் தேவிஸ்ரீ வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. மகன் பிரவினுக்கு வேலை கிடைத்ததும் புக்கிட் காத்திலுக்கு மாறி வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ போட்ட ஒரு ஊசியில் அவர் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். அதற்குப் பிறகுதான் கிளினிக் டாக்டர் அப்படி ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் செங் என்ற ஊரில் வடிவேலு நடத்தும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் தேவிஸ்ரீ சேர்ந்த புதிது. பகலில் வேலை, மாலையில் மலாக்கா டவுனில் கணினி வகுப்பு. அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அந்தக் கட்டம். அதில் அவள் முதலில் எழுதியது சுப்பம்மா அத்தையின் பென்சிலினை.

இன்று காலை வடிவேலு போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"கிளினிக்லருந்துதான். அலர்ஜி கட்டம் பாதிப் பேருக்குக் காலியா இருக்காம். பார்க்க அசிங்கமா இருக்காம். காலியா இருக்குறதுக்கெல்லாம் தியாடா போட்டுடச் சொல்றாங்க. சின்ன வேலைதானாம்."

"அவங்க வாயில எந்த வேலைண்ணே பெருசா இருந்திருக்கு?" என்றாள் ஜெயா. அலுவலகத்தில் மூத்த புரோகிராமர் அவள். "காலியா இருந்தா இன்னும் கேக்கலைன்னு அர்த்தம். தியாடான்னா கேட்டாச்சு, ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாண்ணே?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் ஜெயா. கேக்குறாங்க, செஞ்சு குடுத்துட்டுப் போவோம்லா. தேவி, மத்தியானம் போய்ட்டு வந்துடு."

தேவிஸ்ரீக்கும் ஜெயாவின் சந்தேகம்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். இத்தனை சந்தேகங்களில் எதை வாய்விட்டுச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கிப் பழகியிருந்தாள்.

மதிய இடைவேளையில் கிளினிக்குக்கு வந்தபோது கவுண்டரில் இருந்த கலைமகள் வழக்கம்போல வரவேற்றாள்.

"பசியாறிட்டியா? போன தடவை நீ வந்துட்டுப் போனதுலருந்து ஏர்கோன்லருந்து தண்ணி சொட்டுது தேவி."

"நான் ஏர்கோனைத் தொடவே இல்லக்கா."

"கம்ப்யூட்டர்காரங்க எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. சீக்கிரம் முடி. நம்ம டாக்டர் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. புது டாக்டரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. யாரையும் தெரியாது அவங்களுக்கு, சீட்டைப் பாத்துத்தான் எல்லாம்."

ஒவ்வொரு நோயாளிக்கும் கவுண்டரில் ஒரு சீட்டு அச்சாகி டாக்டரின் அறைக்குப் போகும். சீட்டின் தலைப்பில் அந்தக் கட்டம் வரும்.

தேவிஸ்ரீ எழுதியது ஒரே ஒரு வரி. கட்டம் காலிக்குச் சமமாக இருந்தால் தியாடா போடு. சமமா என்று கேட்டால் அவர்கள் நிரல் எழுதும் கணினி மொழி வலப்பக்கம் இருக்கிற எழுத்துகள் வரைக்கும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். வலப்பக்கம் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இல்லை, எல்லாம் சமம் என்று சொல்லிவிடும். மாலை வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள். அடிக்கோடு போட்ட கை வேறு, இன்று தட்டிய கை வேறு போல.

நகல் எடுக்காமல் எதையும் தொடக்கூடாது என்று அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். இன்றைக்கு அதையும் விட்டாள். இடைவேளை முடியப் போகிறது, பையில் தான் முந்தாநாள் எடுத்த வாராந்திர நகல் இருக்கிறதே என்று நினைத்தாள்.

இப்போது அந்தப் பையைத் திறந்தாள். நான்கு டிஸ்கெட்டுகள். நான்கும் சேர்ந்தால்தான் ஒரு நகல். முதல் டிஸ்கெட்டைச் செருகினாள். கணினி கரகரவென்று ஏதோ மென்றது. படிக்க முடியவில்லை என்றது.

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் சந்தனம் இருந்தது.

நேற்று சரஸ்வதி பூஜை. அலுவலகத்தில் கணினிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டு, அம்மன் படத்தின் முன்னால் புத்தகங்களையும் டிஸ்கெட்டுகளையும் அடுக்கினார்கள். சந்தனம் வைக்கிற வேலை தேவிஸ்ரீயுடையது. முன்பக்கத்தில் வைத்தால் லேபிளில் எழுதிய தேதி கலைந்துவிடும் என்று யோசித்தாள். பின்பக்கம் நடுவில் ஓர் உலோக வட்டம் நெற்றி மாதிரி இருந்தது. ஒவ்வொரு டிஸ்கெட்டின் நெற்றியிலும் அளவாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"என்னாடி, அதுக்குக் கல்யாணமா?" என்று ஜெயா சிரித்தாள்.

அந்த வட்டத்தைப் பிடித்துத்தான் கணினி உள்ளே இருக்கும் தகட்டைச் சுழற்றும். ஒரு புரோகிராமருக்குத் தெரியாத விஷயமில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அது அவள் நினைவுக்கே வரவில்லை. இப்போது சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். தூள் உள்ளே போயிற்று. கைக்குட்டையால் துடைத்து மறுபடி செருகினாள். விளக்கு எரிந்தது. படித்தது.

ஒன்று. இன்னும் மூன்று.

முன்னறையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இடைவேளை முடிந்துவிட்டது.

"வாங்க அத்தை, என்னா ஆச்சு?" கலைமகளின் குரல்.

"தொண்டைம்மா. எச்சில் முழுங்க முடியல. பேசவே முடியல."

"பேசாமயா வாசல்லருந்து இவ்ளோ தூரம் பேசிக்கிட்டு வர்றீங்க?"

சிரிப்பு. தேவிஸ்ரீயின் கை அப்படியே நின்றது. அந்தக் குரலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"புது டாக்டராமே. எனக்கு ஆவாத மருந்து அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் சுப்பம்மா.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அத்தை. சீட்டுலயே வந்துடும்."

"அதானே. நம்ம தேவிதான் போட்டு வச்சிருக்கு. நான் அந்தப் பேரைக்கூட ஞாபகம் வச்சிக்கல. அது பாத்துக்கும்."

எழுந்திருக்க வேண்டும். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், சீட்டை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். கலைமகள் வடிவேலுவுக்குப் போன் செய்வாள். செங் முழுக்கத் தெரியும். இந்தப் பெண்ணிடம் இனி யாரும் ஒரு கோப்பைத் தொடக் கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது டிஸ்கெட்டு படிக்க ஆரம்பித்திருந்தது. நான்கும் படித்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. சீட்டு அச்சாவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. இரண்டாவது முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது. மூன்றாவதைச் சுரண்டினாள்.

வெளியே அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது.

டாக்டர் பேசாமலா இருப்பார், வாயால் ஒரு வார்த்தை கேட்காமலா இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டம் காலியாக இருந்தால் கேட்பார். தியாடா என்று அச்சடித்திருந்தால் எதற்குக் கேட்கப் போகிறார்? ஜெயா காலையில் சொன்னது இதைத்தான். மூன்றாவது பாதியில் முனகியது, நின்றது, மறுபடி ஓடியது. டாக்டரின் அறைக்கதவு திறந்தது. மூடியது. திறந்தது. நான்காவதைச் செருகினாள்.

படிக்க முடியவில்லை.

துடைத்தாள். செருகினாள். படிக்க முடியவில்லை.

அப்போதுதான் எழுந்தாள். திரைச்சீலையைத் தள்ளினாள். வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பம்மா இல்லை.

"அத்தை எங்கக்கா?"

"யாரு, சுப்பம்மா அத்தையா? மருந்து வாங்கிட்டு இப்பத்தான் போறாங்க. ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"என்னா மருந்து குடுத்தீங்க?"

"அமோக்சிசிலின். தொண்டைக்கு."

அது பென்சிலினோடு கூடப் பிறந்தது, இதற்கு ஆகாதவர்களுக்கு அதுவும் ஆகாது என்று கட்டம் செய்த நாளில் டாக்டர் அவளுக்கு விளக்கியிருந்தார்.

"யாருக்கும் மருந்து குடுக்காதீங்கக்கா. சீட்டுல வர்றது தப்பு. எல்லாருக்கும் தப்பு," என்றாள். அடுத்த சீட்டை நீட்டிய கலைமகளின் கை அந்தரத்தில் நின்றது. அதற்கு மேல் தேவிஸ்ரீ அங்கே நிற்கவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கடை வரிசையின் கோடியில்தான் பஸ் நிறுத்தம். அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். நிறுத்தத்தை நெருங்கியபோது பஸ் கிளம்பிப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. நிறுத்தத்தில் யாருமில்லை. போகிற பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. எந்தத் தலை என்று தெரியவில்லை. பஸ்ஸுக்குள் அந்த முகம் வீங்குவதை அவள் பார்த்தாள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

"தேவி? ஏன்டி ஒத்தைச் செருப்போட நிக்கிற?"

நிறுத்தத்தை ஒட்டிய கோப்பிக் கடையில், மின்விசிறிக்குக் கீழே சுப்பம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் சுடுதண்ணீர்க் குவளை. தட்டின் விளிம்பில் ஒரு மாத்திரை.

தேவிஸ்ரீ அவர் தாடையைப் பிடித்தாள். "வாயைத் திறங்க அத்தை."

"என்னா புள்ள இது…"

"ஒண்ணு போட்டாச்சா? சொல்லுங்க, போட்டாச்சா?"

"தண்ணி சூடா இருக்குன்னு ஆற வச்சிருக்கேன். என்னாடி ஆச்சு உனக்கு?"

தேவிஸ்ரீ மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"இது உங்களுக்கு ஆவாத மருந்து."

"அது எப்படி? கம்ப்யூட்டர்லதான் இருக்கே. நீதானே போட்டு வச்சே."

"இன்னிக்கு நான் அதை அழிச்சிட்டேன் அத்தை. தெரியாம. உங்களோடது மட்டும் இல்ல, எல்லாரோடதும்."

சுப்பம்மா அவளுடைய மூடிய கையைப் பார்த்தார். அதற்குள் ஏதோ நெளிவது போலப் பார்த்தார். கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

"நான் கிளினிக்குக்கு வந்தப்ப நீ உள்ளதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"நான் பேசுனது கேட்டுச்சா?"

தேவிஸ்ரீ தலையை ஆட்டினாள்.

"அப்ப ஏன் வெளிய வரல?"

"பயமா இருந்துச்சு அத்தை."

சுப்பம்மா தொண்டையைத் தடவிக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் செருகிய இடத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று தேவிஸ்ரீ காத்திருந்தாள். அவர் மருந்துப் பொட்டலத்தை ஒரு விரலால் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினார். சுடுதண்ணீரைக் குடிக்காமலே எழுந்தார்.

"அங்க இன்னும் ஆளுங்க உக்காந்திருக்காங்க. நட. அந்த டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு."

வழியில் கிடந்த செருப்பைத் தேவிஸ்ரீ மாட்டிக்கொண்டாள். சுப்பம்மா ஓரடி பின்னால் வந்தார். கிளினிக் வாசலில் வெள்ளை அங்கியில் புது டாக்டர் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் கலைமகள் இந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். தேவிஸ்ரீயின் நடை தானாகவே மெதுவானது.

"நில்லு," என்றார் சுப்பம்மா. "அந்த மருந்து பேரு என்னா?"

"எது?"

"எனக்கு ஆவாதது. பேரைச் சொல்லு. இனிமே நானே வச்சிக்கிறேன்."

"பென்சிலின்."

"பென்சிலி."

"பென்சிலின், அத்தை."

"பென்சிலின்," என்றார் சுப்பம்மா, வலிக்கிற தொண்டையோடு. சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டி முன்னால் நடந்தார். கிளினிக் வாசல் வரைக்கும் அவர் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவது தேவிஸ்ரீக்குக் கேட்டது.