செவுளும் சீட்டும்

ரத்தத்தில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி அளவு சரியாக வந்ததும் சிலுவைதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டாறு லேபில் வாங்கிய அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துறையில் மீன் ஏலம் விடும்போதும் எடுத்து எடுத்துக் காட்டினார். குட்காவுக்குத் தடை வந்த பிறகும் எங்கிருந்தோ வாங்கி அடக்கிய கன்னத்தில் வெள்ளைத் திட்டு படர்ந்திருந்தது. சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும், ரத்தச் சீட்டு போதாது என்று பல் டாக்டர் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கூடப் போன மனைவி கிளாராவுக்கு அது தெரியும்.

“நேத்துப் படிச்சிட்டு வந்த டாக்டர் புள்ளைக்கு என்ன தெரியும்? ரத்தம் பொய் சொல்லுமா மக்கா?” என்று மீன் வியாபாரி ஆன்ட்ரூஸிடம் கேட்டார்.

கிளாரா ஒரு நெய்மீனைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள். “இது நல்ல மீனுன்னு நான் சீட்டு எழுதித் தாறேன். செவுளத் தூக்கிப் பாக்காம எடுப்பீரா?”

“எந்த மடையன் எடுப்பான்?”

“சட்டப் பையில சீட்டு வச்சிருக்க மடையன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்ரூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிலுவைதாசன் அவளைத் திட்ட வாயைத் திறந்தார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது, அதற்குப் பிறகு தாடை இறங்கவில்லை. சிரிப்பு நின்றது.

“ஏலத்த ஆன்ட்ரூஸ் பாக்கட்டும். சதைய எடுத்துப் பாக்க டாக்டர்ட்ட போவோம். பஸ்ஸு வந்துரும், கெளம்பும்” என்றாள் கிளாரா.

அவர் சீட்டைக் கையில் எடுத்தார். மீன் மடிக்கக்கூட அது உதவாது. நெய்மீன் மேலேயே போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார்.