கொழுந்தனின் வலது கால்

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நடப்பதற்கு ஒரு கால்தான் தேவைப்பட்டது. கால் அவளுடையதல்ல, மாப்பிள்ளையுடையதும் அல்ல. செத்துப்போன கணவனின் தம்பியுடையது. அதுவும் வலது கால்.

யூத சமயத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்தால் அவன் மனைவியை உடன்பிறந்தவன் மணந்து, இறந்தவன் பேரை நிலைக்கச் செய்ய வேண்டும். வேண்டாமென்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மதகுருவான ரபியின் நீதிமன்றத்தின் முன் அவன் நிற்க, அவள் குனிந்து அவன் வலது காலில் மாட்டியிருக்கும் செருப்பைக் கழற்றி எறிந்து, அவன் எதிரே தரையில் துப்ப வேண்டும். துப்பியவுடன் அவள் விடுதலை. பிறகு அவள் வேறொருவரை மணக்கத் தடையில்லை. இந்தக் காலத்தில் மணக்கிற பேச்சே கிடையாது, நேராகச் செருப்புக்குத்தான் வருவார்கள். ஆனால் கொழுந்தன் மனம் ஒப்பிக் காலைக் கொடுக்க வேண்டும். பிடித்து இழுத்துக் கழற்றினால் செல்லாது.

கொழுந்தன் கொடுக்கவில்லை.

அவர் ஜெப ஆலயக் கமிட்டியின் சேர்மன். நாற்காலி, கட்டில், பீரோ விற்கும் பெரிய கடைக்கு முதலாளி. ஆலயத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் சேர்மன்தான். பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் குடிப்பார். அண்ணி விஷயமாய் ரபி முதல் தடவை கேட்டபோது, அண்ணன் போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்றார். இரண்டாம் தடவை, இது ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம் என்றார். ஆராய்ந்தும் விட்டார். விதவைகள் மறுமணம் பற்றி வேதம் சொல்வது என்ன என்று ஆலயத்தில் வாராவாரம் தொடர் சொற்பொழிவு நடத்தினார். கேட்டவர்களெல்லாம் விதவைகள் மீது இரக்கம் கொண்டார்கள், முக்கியமாய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்த அந்த ஒரு விதவை மீது.

அவள் வேலை பார்த்தது துணி திருத்தும் கடையில். நீளமான பேன்ட்டை மடித்து அடிப்பது அவள் வேலை. பக்கத்து மேசையில் பொத்தானும் ஜிப்பும் வைப்பவள் கிறிஸ்தவள். முதல் கணவன் போய்ச் சேர்ந்தபின் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு, அவனைத் தினமும் திட்டி சந்தோஷமாய் இருப்பவள். கடைக்கு மெஷின் பழுதுபார்க்க வருகிறவர்தான் மாப்பிள்ளை. அவரும் அதே ஜெப ஆலயத்துக்காரர், தாரமிழந்தவர். ஒரு காலத்தில் மெஷின் கெட்டால் வருவார். பிறகு கெடுவதற்கு முன்பே வர ஆரம்பித்தார். பிறகு, அவர் வருவதற்காகவே மெஷின் கெட ஆரம்பித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டது யார் என்று பொத்தான்காரிக்குத் தெரியும், சொல்ல மாட்டாள்.

"எங்களுக்கு இந்தச் செருப்பு விவகாரமெல்லாம் கிடையாது" என்றாள் பொத்தான்காரி, வாயில் ஊசியோடு. "புருஷன் செத்தா பொம்பள சுதந்திரம், இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கலாம், விசுவாசியா இருந்தா போதும்னு எங்க அப்போஸ்தலர் எழுதிட்டார்."

"குடுத்துவச்சவங்க."

"இரு, முடியல. கட்டிக்காம அப்படியே இருந்தா இன்னும் பாக்கியம், இது என் அபிப்பிராயம்னு கீழயே ஒரு வரி சேர்த்துட்டார். எங்க பாஸ்டர் என் கல்யாணத்துல மேல் வரியை மெதுவா படிச்சிட்டு, கீழ் வரியைச் சத்தமா படிச்சார். இன்னொரு கடிதத்துல, சின்ன வயசு விதவைங்க கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தட்டும்னும் இருக்கு. அதை நான் எழுந்து சத்தமா படிச்சேன்."

"உனக்கென்ன சின்ன வயசா அப்போ?"

"அதைத்தான் பாஸ்டரும் கேட்டார்."

சிரித்து முடித்ததும் அவள் அடுத்த பேன்ட்டை எடுத்தாள். மெஷின்காரர் பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைசாலிக்கும் தலை நரைக்கிறது. சேர்மன் செத்தாலொழிய, அல்லது காலைக் கொடுத்தாலொழிய, அவள் காலம் முழுக்க அவருடைய அண்ணியாகவே இருந்து அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்க வேண்டியதுதான். இதில் எது அதிகக் கொடுமை என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

அப்போதுதான் சேர்மனின் மனைவி ஒரு பையோடு கடைக்கு வந்தாள். பையில் புதிய பேன்ட் இரண்டு, அளவுக்குப் பழையது இரண்டு.

"இது வீட்டுல போடறதுக்கு, இது வெளிய போறதுக்கு. அந்தந்தப் பழசைப் பார்த்து அடிச்சிடுங்க, அக்கா."

அவள் பழைய பேன்ட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று விரித்தாள். இடுப்பு ஒன்றே. கால் மட்டும், வெளியே போகிற சேர்மனுக்கு வீட்டிலிருக்கும் சேர்மனைவிட நான்கு விரல் கூடுதல்.

"எது சரியான அளவு?" என்று கேட்டாள்.

"ரெண்டும் சரி. நான் ஒண்ணும் சொல்லல, அளவு மட்டும்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, சேர்மன் மனைவி ஜன்னல் வழியே தெருவை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள். போகும்போது, "அவர் பூட்ஸை நான்கூடத் தொட முடியாது, அக்கா. அவரே துடைச்சு அவரே பூட்டி வைப்பார்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணவன் இறந்த ஏழு நாள் துக்கத்தில் வீட்டார் தோல் செருப்பு அணியக் கூடாது, தாழ்ந்த முக்காலியில் உட்கார வேண்டும். அந்த ஏழு நாளும் சேர்மன் வந்தவர் முன்னால் ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. ரபி வந்தபோதும் எழவில்லை. அண்ணன் மேல் என்ன பாசம், துக்கத்தில் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை பாருங்கள் என்று ஊரே உருகியது. பாசம் இருந்திருக்கலாம். பூட்ஸ் இல்லாமல் போனதுதான் தெம்பைக் குறைத்தது. சடங்குச் செருப்போ தட்டையான தோலும் வாரும் வைத்தது, ஆலயத்துக்குச் சொந்தம். அதைப் போட்டுக்கொண்டு ஊர் முன்னால் நின்றால், இத்தனை வருஷம் பூட்ஸுக்குள் கட்டிக் காத்த நான்கு விரல் உயரம் போய்விடும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. நான்கு விரலுக்காகவா என் வாழ்க்கை நிற்கிறது? ரபியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆலயம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் அவமானப்பட்டவன் காலைக் கொடுப்பானா, இன்னும் இறுக்கி மடக்கிக்கொள்வானா? அவள் பேன்ட்டை மடித்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

சேர்மன் விலையுயர்ந்த பீரோ ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் வந்ததும் வேதத்திலிருந்து தொடங்கினார். அவள் முடிகிறவரை பொறுத்திருந்தாள், அதாவது நெடுநேரம்.

"தம்பி, ஒரு விஷயம். சடங்கன்னைக்கு நீங்க நிக்கும்போது மத்தவங்களும் நின்னா எனக்கு மனசு ஒப்பல. சேர்மன் நிக்கிறார்னா எல்லாரும் உட்கார்ந்திருக்கறதுதான் மரியாதை. ரபிகிட்ட பேசறேன்."

அவர் பீரோவின் கைப்பிடியைத் தடவினார். "நீதிபதிகள்?"

"அவங்க எப்பவும் உட்கார்ந்துதான் இருப்பாங்க."

"நீங்க, அண்ணி?"

"நான் உங்க காலடியில குனிஞ்சிருப்பேன்."

அவர் பீரோக் கதவைத் திறந்து, மூடினார். பிறகு, சேர்மன் வாழ்க்கையில் அபூர்வமாய், மிகச் சின்னக் குரலில் கேட்டார்: "பேன்ட்?"

"அந்த நாளுக்குன்னே ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன். தரையில புரளாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும். இருந்தது, ஆனால் அவள் உதட்டை மடித்து அதை உள்ளே வைத்திருந்தாள். "நாள் பாக்கச் சொல்லுங்க, அண்ணி" என்றார்.

அந்த நாள் காலையில் சேர்மன் எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்துச் சுவரோரம் நின்றுவிட்டார். வந்தவர்களையெல்லாம் ரபி பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர்களுக்கு, நிற்கிறவர் எல்லாரும் உயரம்தானே. செருப்பு மாட்டி நான்கு அடி நடக்கச் சொன்னார்கள், நடந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்: அவள், இவர் மறுக்கிறார் என்றாள். அவர், எனக்கு விருப்பமில்லை என்றார். கல்யாணத்துக்கு விருப்பமில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் வேறு யாரும் இருக்க முடியாது. அவள் குனிந்து வாரை அவிழ்த்தாள், செருப்பை உருவித் தூர எறிந்தாள்.

துப்ப வேண்டும். வாய் வறண்டிருந்தது.

"நல்லாத் துப்பணும், அம்மா. நாங்க கண்ணால பாக்கணும்" என்றார் ரபி.

அவள் முயன்றாள், வரவில்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவள் கண்ணை மூடி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட சொற்பொழிவுகளை நினைத்துக்கொண்டாள். தாராளமாய் வந்தது.

கூடியிருந்தோர் சம்பிரதாயப்படி மூன்று முறை, "செருப்புக் கழற்றப்பட்டவன்" என்றார்கள். ரபி, "இன்னையிலிருந்து உங்களைத் தடுக்கறவங்க யாரும் இல்ல, அம்மா" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷ முடிச்சு மூன்று நிமிஷத்தில் அவிழ்ந்துவிட்டது.

அத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கூட்டம் இருக்கிறது, மேடை இருக்கிறது, பேச்சு இல்லை என்றால் சேர்மனால் தாங்க முடியுமா? பழக்கதோஷம். பூட்ஸை மறந்து, வெறுங்காலோடு விறுவிறுவென்று போய்ப் பிரசங்க மேசைக்குப் பின்னால் நின்று, "அன்பார்ந்தவர்களே" என்றார். குரல் வந்தது; ஆள் வரவில்லை. மேசைக்கு மேலே நெற்றியும் மூக்குக்கண்ணாடியின் மேல் பாதியும் மட்டும் தெரிந்தன.

ஒருவரும் சிரிக்கவில்லை. ரபி தன் தாடிக்குள் எதையோ தேடினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொழுந்தனையே பார்த்தாள். இப்போது அவரிடம் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, இருந்தும் பாவமாக இருந்தது. சேர்மன் கீழே தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மெதுவாய் முன்னால் வந்து, எல்லோர் எதிரிலும் நின்றார்.

"இவ்வளவுதான்" என்றார்.

பேச்சைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, யாருக்கும் தெரியவில்லை. முதலில் கை தட்டியது அவர் மனைவி. பிறகு ஆலயமே தட்டியது. அவர் ஆற்றிய உரைகளில் இதுதான் மிகச் சிறந்தது என்று பின்வரிசையில் ஒருவர் மனதார ஒப்புக்கொண்டார். சேர்மனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் அடங்குவதற்குள் அவள் வெளியே வந்தாள். மெஷின்காரர் படியில் உட்கார்ந்து, நகக்கண்ணில் இருந்த எண்ணெய் அழுக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"எதுக்குக் கை தட்டறாங்க?"

"கொழுந்தன் பேசி முடிச்சிட்டார்."

"அதுக்குள்ளயா?" அவர் முகம் வெளுத்தது. "ஏதாவது தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் தப்பாகல" என்று சொல்லி, அவள் தன் கைப்பையை அவர் கையில் கொடுத்தாள். இத்தனை நாள் தெருவில் அவள் அவரோடு நடந்ததில்லை. இன்று அவருக்கு முன்னால் படியிறங்கி, திரும்பிப் பார்த்து, "வர்றீங்களா இல்லையா?" என்றாள்.