புக்கு அம்மணிகிட்ட

அரிசி டிரம்மை இளவேனில் தலைகீழாகக் கவிழ்த்தபோது, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டின் சமையலறைத் தரை முழுக்க அரிசி சரிந்தது. அவள் மண்டிபோட்டுக் குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை.

விமலாராணி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி தம்பி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடட்டும் என்று நினைத்தாள். நன்றாகத் தேடட்டும்.

தேவதாஸ் காக்கிச் சட்டையோடு பெஞ்சில் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்று சர்ச் சபைக்காரர்கள் சொன்னதற்கு அம்மா பாவாத்தாள், "அவுரு டிரைவருங்க" என்று மட்டும் சொன்னாள்.

முந்தின நாள் மாலை தாராபுரத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பல்லடத்துக்கு முன்னாலேயே அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. அந்த நிலையிலும் மனிதர் அம்பாசிடரை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். வழியில் போனவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கணபதி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கூட்டாளி திருமலைசாமி போய்ச் சேர்ந்தபோது பேச்சு இருந்தது. "வண்டிய எடுத்துட்டு வந்துரு. புக்கு அம்மணிகிட்ட இருக்குது." அதோடு சரி.

வண்டியைப் போலீஸ் கொண்டுபோய் பல்லடம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டது. ஆர்.சி. புக்கையும் இன்சூரன்ஸையும் ஒரிஜினலாகக் காட்டினால்தான் விடுவார்கள். மாலை நாலு மணிக்கு அடக்கம். ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் செத்தால் அவர் ஓட்டிய வண்டிதான் முதலில் போகும். மற்ற வண்டிகள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வரும். முதல் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்தான் இனி அந்த வண்டிக்கு ஆள் என்று ஸ்டாண்டு எடுத்துக்கொள்ளும். பிடிக்கப்போவது தம்பி ரவிக்குமார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் அந்த அம்மணி யார் என்பதில்தான். மகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மருமகளையும் அப்படித்தான்.

திருமலைசாமி அந்த வார்த்தையைச் சொன்னதும் வீடே இளவேனிலைப் பார்த்தது. விமலாவும் பார்த்தாள். சாகிற நேரத்திலும் அப்பாவின் வாயில் வந்தது மருமகள்தான்.

"எனக்குத் தெரியாதுங்க சித்தப்பா" என்றாள் இளவேனில்.

"நல்லா யோசனை பண்ணிப் பாரு கண்ணு. உன்னையத்தான சொல்லியிருப்பாரு?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

அப்போதிலிருந்து தேடுகிறாள். இயேசு படத்துக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், அரிசி டிரம்முக்குள். தேவதாஸ் முன்பு ஒவ்வொரு காலத்தில் இந்த இடங்களில் எல்லாம் வைத்திருந்தவர்தான். ஸ்டாண்டில் வேலையில்லாத மத்தியானங்களில் இதுதான் சண்டை. புக்கு வண்டியிலேயே இருக்க வேண்டும், கேட்டால் உடனே காட்டலாம் என்பது திருமலைசாமியின் கட்சி. வண்டியோடு புக்கும் களவு போனால் வண்டி உன்னுடையது என்று எதைக் காட்டுவாய் என்பது தேவதாஸின் கட்சி. டேஷ்போர்டில் செராக்ஸ், வீட்டில் ஒரிஜினல், வைத்த இடம் வீட்டில் ஒரே ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும். அவர் கடைசிவரை மாறவில்லை.

அந்த ஒரே ஒருத்தியாக விமலா ஒரு காலத்தில் இருந்தாள்.

1983ல் வண்டி வந்தது. அதே வருஷம்தான் அவள் பிளஸ் டூ முடித்தாள். ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. தோட்டம் தோட்டமாகக் கூலிக்குப் போன குடும்பத்தில் அவ்வளவு மார்க்கை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டீச்சர் டிரெய்னிங்குக்கு இடமும் கிடைத்தது. வீட்டில் வண்டி அல்லது படிப்பு, இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் "அம்மணி, புக்கு எடு" என்று அவர் வாசலிலிருந்து குரல் கொடுப்பதும், இவள் போய் எடுத்து வருவதுமாக ஓடியது. வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாள். சிரித்தார். பத்தாவதில் கோட்டை விட்ட ரவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருஷம் படிப்பு வரவில்லை, ஈரோட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தார். மார்க் ஷீட்டைத் தகரப் பெட்டியில் போட்டு, வேண்டுமென்றே இங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

ரவிக்குக் கல்யாணமான வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். வாசலிலிருந்து அப்பா "அம்மணி" என்று கூப்பிட்டார். விமலா கையில் இருந்த முறுக்கு மாவோடு எழுந்து ஓடினாள். இளவேனிலும் ஓடி வந்தாள். அப்பா இருவரையும் பார்த்துவிட்டு, "நீ இரு. சின்னவளைக் கூப்புட்டேன்" என்றார். வெறும் தண்ணீர் கேட்கத்தான் கூப்பிட்டார். ஆனாலும் ஏழு வருஷமாக விமலாவுக்கு அது ஆறவில்லை. வண்டி தம்பிக்கு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையையுமா எடுத்துக் கொடுப்பார்கள்?

"விமலா" என்றாள் பாவாத்தாள், அழுது கம்மிப்போன குரலில். "அட்டாலியில வெள்ளப் போர்வை இருக்குது. எடுத்துட்டு வா, உங்கப்பனுக்குப் போத்தலாம்."

உள்ளறையில் ஸ்டூல் போட்டு ஏறினாள். அட்டாலிப் பரண் முழுக்கத் தூசி. பழைய டயர், உடைந்த தொட்டில், பித்தளை அண்டா, எல்லாவற்றிலும் விரல் வைத்தால் எழுதலாம். அவளுடைய தகரப் பெட்டியின் மூடியில் மட்டும் தூசியே இல்லை.

பெட்டியை இழுத்துத் திறந்தாள். மேலாக ஒரு பிளாஸ்டிக் கவர். ஒரு பக்கம் ஆர்.சி. புக்கு விரித்து வைக்கப்பட்டு, தேவதாஸ் என்ற பெயர் தெரிந்தது. பின்னால் ஏதோ தாள். புரட்டிப் பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை. கவருக்கு அடியில் பதிமூன்று வருஷத்து இன்சூரன்ஸ் தாள்கள், கிளிப் போட்டு, இந்த வருஷத்தது மேலே.

புக்கு அம்மணிகிட்ட இருக்குது.

முதலில் வந்தது அழுகையல்ல, சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். நடுவீட்டில் அப்பா கிடக்கும்போது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, நான்தான், நான்தான் அந்த அம்மணி என்று மனசு குதித்தது. அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? ரவி வண்டியை எடுத்து வருவான். ஊர் பார்க்க முன்னால் ஓட்டிக்கொண்டு போவான். இவள் கூட்டத்தோடு கூட்டமாக எங்கேயோ பின்னால் வருவாள். என் படிப்பைத் தின்ற வண்டி ஒருநாள் ஸ்டேஷனில் நின்றால்தான் என்ன? நாளைக்குக் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டால் போயிற்று.

பெட்டியை மூடி, இருந்த இடத்துக்கே தள்ளினாள். மூடியில் தன் தூசி விரல்கள் பதிந்திருப்பதைக் கண்டு முந்தானையால் துடைத்தாள். போர்வையோடு இறங்கியபோது கதவருகே இளவேனில் நின்றாள். புடவையெல்லாம் அரிசித் தவிடு.

"அண்ணி, மேல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்ல."

"நானும் அங்க பாக்கலாம்னுதான்..."

"அதான் இல்லைங்கறேனே" என்றாள் விமலா. இளவேனில் தலையாட்டிவிட்டு மறுபடி சமையலறைக்குப் போனாள்.

போர்வையை அப்பாவுக்குப் போர்த்தினாள். காக்கிச் சட்டையின் காலரை இழுத்துச் சரி செய்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினோரு மணிக்கு ரவி வந்தான். வண்டியில் இருந்த செராக்ஸை வைத்துக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று விடியும்போதே திருமலைசாமியோடு போயிருந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"செராக்ஸெல்லாம் செல்லாதாம்" என்று கையிலிருந்த தாளைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். "புக்கு எங்க இருக்குதுன்னு பெத்த பையனுக்கே தெரியாதான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது? பத்து வருசமா ஓட்டறேன், ஒரிஜினல எங்கண்ணுல காட்டுனதில்ல மனுசன். எங்கிட்டக் குடுத்தா தொலச்சுப்போடுவனாம்."

விமலா தாளைக் கையில் எடுத்தாள். மடித்து மடித்து ஓரம் நைந்த செராக்ஸ். அப்பாவின் பெயர், வண்டி நம்பர், என்ஜின் நம்பர். திருப்பினாள்.

பின்பக்கம் அவளுடைய பெயர் இருந்தது. தே. விமலாராணி. தமிழ், ஆங்கிலம், கணக்கு. அடியில் மொத்தம் 938.

"இது எப்படிடா இதுல வந்துச்சு?"

"அதக் கேக்காத" என்றான் ரவி. "சாஜிதா பேகம் செராக்ஸ் கடையில கவரோட குடுத்தாரு. அந்தக்கா தெரியாம முன்னயும் பின்னயும் சேத்து எடுத்துப்போட்டாங்க. வேற எடுத்துத் தாரேன்னாங்க. வேண்டாம், இதே நல்லாருக்குதுன்னு வாங்கிட்டு வந்தாரு. அப்பறம் வருசா வருசம் கிழியக் கிழிய அதே மாதிரி ரெண்டு பக்கமும். எந்தச் செக்போஸ்ட்ல நிறுத்துனாலும் போலீஸ்காரன் திருப்பிப் பாத்துட்டு, இதென்னய்யா மார்க்கும்பான். என்ற அம்மணி மார்க்குங்க சார், நல்லாப் பாருங்கன்னு இவரு பல்லக் காட்டுவாரு. பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். பத்தாவதுல கோட்டு அடிச்சவன்."

பேச்சை நிறுத்தி மூக்கைத் துடைத்தான்.

"சவாரிக்குப் போறப்பெல்லாம் உன்ற மார்க்கத் தூக்கிட்டுத்தான் போகோணும். எத்தனையோ நாளு கிழிச்சு வீசிப்போடலாம்னு இருந்துச்சு. உம்மேல அத்தனை காண்டு எனக்கு, அக்கா."

சமையலறை வாசலில் இளவேனில் அரிசி முறத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயும் அதேதானுங்க" என்றாள் மெதுவாக. "அம்மணின்னு கூப்புட்டுப்போட்டு, என்ற அம்மணியா இருந்தா இப்படிச் செய்யமாட்டான்னு முடிப்பாரு."

வாசலில் சபைப் பெண்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் பக்கம் புரட்டினார்கள். விமலா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு மார்க்கின் மேல் ஒரு கிரீஸ் விரல் பதிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. போக வர மூன்று மணி நேரம். இன்னும் நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் நேரம் போய்விடும்.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கவரையும் இன்சூரன்ஸ் தாளையும் தம்பியின் மடியில் வைத்தாள்.

"என்ற பொட்டியில இருந்துச்சு."

ரவி கவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். இளவேனில் விமலாவின் முந்தானையைப் பார்த்தாள். போர்வை எடுத்தபோது ஒட்டிய தூசி அப்படியே இருந்தது. கேட்கிறதற்கு வாயெடுத்தவள் போல இருந்தாள். பிறகு குனிந்து முறத்தில் இருந்த அரிசியை டிரம்முக்குள் கொட்டினாள்.

"நேரமாச்சுங் ரவி, கெளம்பலாம்" என்றார் திருமலைசாமி.

மூன்று மணிக்கு முன்பே அம்பாசிடர் வந்துவிட்டது. யாரோ கழுவித் துடைத்து, பானெட்டில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சவப்பெட்டியை வேனில் ஏற்றினார்கள். பின்னால் பதினேழு வண்டிகள், பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய நின்றன. பாவாத்தாளை அம்பாசிடரின் பின்சீட்டில் ஏற்றியதும் உறவுக்காரப் பெண்கள் இருவர் அவளைத் தாங்கிப் பிடித்தபடி ஏறிக்கொண்டார்கள். பின்சீட்டு நிறைந்துவிட்டது.

ரவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். யாரையும் பார்க்கவில்லை.

"அம்மணி, ஏறுங்" என்று திருமலைசாமி குரல் கொடுத்தார்.

விமலா ஓரடி எடுத்து வைத்தாள். அந்தப் பக்கமிருந்து இளவேனிலும் ஓரடி எடுத்து வைத்துவிட்டு, சட்டென்று நின்றாள். நின்று, பின்வாங்கி, கூட்டத்துக்குள் ஒதுங்கினாள்.

விமலா ஏறி உட்கார்ந்தாள். ரவி கவரை எடுத்து அவள் மடியில் வைத்தான். ஸ்டேஷனில் அவர்களும் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மார்க் பக்கம் மேலே இருந்தது. ஆர்.சி. புக்குப் பக்கம் மேலே வரும்படி கவரைப் புரட்டி வைத்தாள். மறுபடியும் மார்க் பக்கத்தையே மேலே திருப்பிக்கொண்டாள்.

என்ஜின் கிளம்பியது. ரவி கியரில் கை வைத்தபோது, "இரு" என்றாள்.

இரண்டு பேர் உட்கார்ந்தது போக அம்பாசிடரின் முன்சீட்டில் இன்னொருவருக்கு எப்போதும் இடம் உண்டு. விமலா கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தம்பி பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். இளவேனில் ஒதுங்கிய பக்கம் கதவு திறந்தே இருந்தது.